டெலிகன்வர்ட்டர் வாங்கும் முன் காலண்டரைப் படமெடுங்கள்

"டெலிகன்வர்ட்டர் வாங்குவதும் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதும் ஒன்றுதான்" என்று ஆர்.கே. புரத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்வார். மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். வயதிலும் பறவை பார்ப்பதிலும் எனக்கு மூத்தவர் என்பதால் நான் அவரை சார் என்றே அழைக்கிறேன். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டிப் பிம்பத்தைப் பெரிதாக்கும் இந்தக் கன்வர்ட்டரைப் போட்டால் வெளிச்சம் குறைகிறது, ஃபோகஸ் தடுமாறுகிறது, படம் மழுங்குகிறது. இத்தனை தொல்லைக்குப் பதில் வீட்டுக்கு வந்து கணினியில் கிராப் செய்தால், அதாவது படத்தின் ஓரங்களை வெட்டினால், அதே வாத்து அதே அளவில் கிடைத்துவிடுகிறது, செலவும் இல்லை என்பது அவருடைய கட்சி. எதிர்க்கட்சியும் டெல்லியில் உண்டு. யமுனைக் கரையின் ஓக்லா பறவைகள் சரணாலயத்தில் காலை நேரத்தில் நின்றால், பெரிய வெள்ளை லென்ஸுக்குப் பின்னால் கன்வர்ட்டரைக் கழற்றவே கழற்றாத சிலரைப் பார்க்கலாம். கிராப் செய்வது சோம்பேறிகளின் வேலை என்று அவர்கள் சொல்வார்கள்.

இரண்டு பேச்சுக்கும் நான் நீண்ட காலம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருப்பது கேனனின் ஈஎஃப் 300 மி.மீ. எஃப்/4 ஐஎஸ் லென்ஸ். 1997இல் வெளிவந்த வடிவம். சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி சந்தையில் பழையதாக வாங்கியது. அதோடு 1.4 மடங்கு கன்வர்ட்டரும் 2 மடங்கு கன்வர்ட்டரும் வந்து சேர்ந்தன. சில படங்களைத் திறந்தால் சார் சொல்வது அப்படியே உண்மை என்று தோன்றும். வேறு சில படங்களில், கன்வர்ட்டர் இல்லாமல் இந்த நுணுக்கம் கிடைத்திருக்கவே கிடைத்திருக்காது என்பது கண்ணுக்கே தெரியும். ஒரே கண்ணாடி, ஒரே கை. அப்படியிருக்க, கன்வர்ட்டர் நல்லதா கெட்டதா என்ற கேள்வியில் அர்த்தமில்லை. எப்போது, எதோடு என்றுதான் கேட்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, உட்கார்ந்து அதைத் தீர்த்துக்கொள்ளவில்லை. தீர்க்க வைத்தவன் குருகிராமில் வேலை பார்க்கும் என் அக்கா மகன்.

அவனிடம் இருப்பது கேனனின் ஆர்7 கேமராவும் ஆர்எஃப் 100-400 மி.மீ. லென்ஸும். "மாமா, 2எக்ஸ் எக்ஸ்டெண்டர் வாங்கிடட்டுமா? 800 மி.மீ. ஆயிடும்ல?" என்று ஒரு நாள் கேட்டான். கேனன் கன்வர்ட்டருக்கு வைத்திருக்கும் பெயர் எக்ஸ்டெண்டர். அதன் விலைக்கும் அவனுடைய லென்ஸின் விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எண்ணிக்கையைப் பார்த்தால் அவன் கேட்டது சரிதான். 400ஐ 2ஆல் பெருக்கினால் 800. ஆனால் எஃப் எண் கூடக் கூட வெளிச்சம் குறையும்; அந்த லென்ஸ் 400 மி.மீ.யில் எஃப்/8. 2 மடங்கு கன்வர்ட்டரைப் போட்டால் எஃப்/16. டிசம்பர் மாத டெல்லியின் காலை ஏழரை மணியில் எஃப்/16 என்றால் என்ன நடக்கும் என்பதை ஒரு தொலைபேசிப் பேச்சில் விளக்கிவிட முடியும் என்று நினைத்துத் தொடங்கினேன். ஆனால், "வெளிச்சம் குறையும்" என்ற என் முதல் வாக்கியத்துக்கே அவன் "அதுக்குத்தான் ஐஎஸ்ஓ இருக்கே மாமா" என்றான். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் குறைந்த ஒளியிலும் படம் வெளிச்சமாக வரும் என்பதால், அவன் சொன்னதில் நான் ஒத்துக்கொள்ள வேண்டிய பாதி உண்மை இருந்தது.

வெளிச்சத்தைப் பற்றிய பயம்

1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் (அதாவது பாதி) வெளிச்சத்தையும் 2 மடங்கு கன்வர்ட்டர் இரண்டு ஸ்டாப் (முக்கால் பங்கு) வெளிச்சத்தையும் குறைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 300 மி.மீ. எஃப்/4 லென்ஸ், 420 மி.மீ. எஃப்/5.6 ஆகவோ 600 மி.மீ. எஃப்/8 ஆகவோ மாறும். இதைச் சொல்லும்போது கன்வர்ட்டர் ஏதோ வெளிச்சத்தை விழுங்கிவிடுவது போன்ற ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் அது எதையும் விழுங்குவதில்லை. 300ஐ 4ஆல் வகுத்தால் 75. முன்னாலிருந்து பார்த்தால் என் லென்ஸின் துளை 75 மி.மீ. அகலம். கன்வர்ட்டரைப் போட்ட பிறகு 420ஐ 5.6ஆல் வகுத்தாலும் 600ஐ 8ஆல் வகுத்தாலும் அதே 75தான். வாத்திடமிருந்து லென்ஸுக்குள் நுழையும் ஒளி முன்பு எவ்வளவோ இப்போதும் அவ்வளவே. அந்த ஒளி சென்சாரில் இரண்டு மடங்கு அல்லது நான்கு மடங்கு பரப்பில் பரவுகிறது என்பதுதான் மாற்றம். தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு இது பழைய செய்தி. 1830களில் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணித அறிஞரின் பெயரில் வந்த பார்லோ லென்ஸும் இதே தத்துவம்தான்: உள்ளே வரும் ஒளிக்கற்றையைக் குழிவுக் கண்ணாடியால் சற்று விரித்து, பிம்பத்தைப் பெரிதாக்குவது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. ஒன்று சாருக்கு எதிரானது, மற்றொன்று மருமகனுக்கு எதிரானது. முதலாவது, ஷட்டர் வேகம் ஒன்றாக இருந்தால், கன்வர்ட்டர் போட்டு ஐஎஸ்ஓவைக் கூட்டி எடுத்த படத்திலும், கன்வர்ட்டர் இல்லாமல் எடுத்துக் கிராப் செய்த படத்திலும், வாத்தை ஒரே அளவில் வைத்துப் பார்க்கும்போது, இரைச்சல் எனப்படும் புள்ளிப் புள்ளியான கரகரப்பு ஏறத்தாழ ஒரே அளவுதான் இருக்கும். வாத்திடமிருந்து வந்த ஒளி இரண்டிலும் ஒன்று என்னும்போது வேறு எப்படி இருக்க முடியும்? ஐஎஸ்ஓ எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் கிராப் செய்யும்போது இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாவது, உள்ளே வரும் ஒளி மாறாததால் லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய நுணுக்கத்தின் உச்ச வரம்பும் மாறுவதில்லை. 75 மி.மீ. துளை, முப்பது மீட்டர் தூரத்தில், கால் மில்லிமீட்டருக்குச் சற்றே மேல் இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைத்தான் பிரித்துக் காட்டும். ஒளியின் அலைநீளம் போடும் எல்லை அது. பின்னால் எத்தனை கன்வர்ட்டர் அடுக்கினாலும் அந்த எல்லை நகராது.

அப்படியானால் கன்வர்ட்டர் எதற்கு? லென்ஸ் கொண்டுவந்து சேர்க்கும் நுணுக்கத்தைச் சென்சார் முழுதாகப் பிடித்துக்கொள்ள முடியாதபோது, பிம்பத்தைப் பெரிதாக்கி அதைப் பிடிக்க வைப்பதற்கு. சென்சாரே ஏற்கெனவே முழுதாகப் பிடித்துக்கொண்டிருந்தால் கன்வர்ட்டருக்கு வேலை இல்லை. இதை மருமகனிடம் சொன்னபோது "தியரி மாமா" என்றான். அந்த ஒரு சொல்லால்தான் மொட்டைமாடிக்குப் போக வேண்டியதாயிற்று.

ராகு காலமும் எமகண்டமும்

மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி நீளமானது. ஒரு கோடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் சுவரில், ஊரிலிருந்து வந்த தினசரிக் காலண்டர் தாள் ஒன்றை ஒட்டி, ஏறத்தாழ முப்பது மீட்டர் தள்ளி மறு கோடியில் முக்காலியை நிறுத்தினோம். பிப்ரவரியில் மழை பெய்து மறுநாள் விடிந்த காலை. காற்று கழுவிவிட்டது போல் இருந்தது. தேதியைக் காட்டும் பெரிய எண்ணை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம் என்பதால் அது சோதனைக்கு உதவாது. அதன் கீழே பொடி எழுத்தில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை என்று வரும் வரிகள்தாம் எங்களுக்குத் தேவைப்பட்டன. லென்ஸின் கூர்மையைச் சோதிக்க விற்கும் கோட்டுப் பலகைகளைவிடத் தமிழ் எழுத்து இதற்கு நல்லது என்று நினைக்கிறேன். "ண" என்ற எழுத்தின் சுழிகள் தனித்தனியே தெரிகின்றனவா, அல்லது ஒரே கரும்பொட்டாக ஒட்டிக்கொள்கின்றனவா, "ம்" மீதுள்ள புள்ளி எழுத்தோடு சேராமல் நிற்கிறதா என்று பார்த்தாலே போதும்.

லென்ஸ் ஒன்றே, கேமரா உடல்கள் இரண்டு. என்னுடையது ஆர்6, முழுச் சட்டகச் சென்சாரில் 20 மெகாபிக்சல். ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 6.6 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). மருமகனின் ஆர்7 அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 32.5 மெகாபிக்சல், அங்கே பிக்சல் அகலம் 3.2 மைக்ரான்தான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதே எனக்குப் பாதி விடை தெரிந்துவிட்டது. 6.6ஐ 3.2ஆல் வகுத்தால் சற்றேறக்குறைய 2. அதாவது என் ஆர்6இல் 2 மடங்கு கன்வர்ட்டரைப் போட்டு நான் வாத்தின்மேல் எத்தனை பிக்சல்களை வைக்கிறேனோ, அத்தனையையும் அவன் கன்வர்ட்டரே இல்லாமல் வைத்துவிடுகிறான். அவன் வாங்கத் துடித்துக்கொண்டிருந்த 2 மடங்கு அவனுடைய கேமராவுக்குள்ளேயே இருக்கிறது.

ஆர்6இல் வெறும் 300 மி.மீ.யில் எடுத்ததைத் திரையில் பெரிதாக்கியபோது "எமகண்டம்" என்பது ஒரு நீளமான கருப்புக் கீற்று. அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தவன்தான் படிக்க முடியும். 1.4 மடங்கில் எழுத்துகள் பிரிந்தன, சொல்லைப் படிக்க முடிந்தது, ஆனால் "ண" இன்னும் பொட்டாகத்தான் இருந்தது. 2 மடங்கில் சுழிகள் திறந்தன; நேரத்தைக் குறிக்கும் எண்களில் 3க்கும் 8க்கும் வேறுபாடு தெரிந்தது. விளிம்புகளில் கொஞ்சம் மென்மை, கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையே கொஞ்சம் சோர்வு; அதைக் கணினியில் சரிசெய்யலாம். அதே லென்ஸை அடாப்டரோடு ஆர்7இல் மாட்டி, கன்வர்ட்டர் இல்லாமல் எடுத்தபோது, அந்த 2 மடங்குப் படத்தில் என்ன தெரிந்ததோ அதெல்லாம் தெரிந்தது. கருப்பு வெள்ளை வேறுபாடு இன்னும் நன்றாகவே இருந்தது. அதில் 1.4 மடங்கைச் சேர்த்ததும் நூலளவு முன்னேற்றம், தேடித்தான் பார்க்க வேண்டும். 2 மடங்கைச் சேர்த்தபோது எழுத்து பெரிதானது, அவ்வளவுதான். புதிதாக ஒரு சுழியும் தெரியவில்லை, ஒரு புள்ளியும் தெரியவில்லை.

இந்த ஆறு படங்களையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சாரின் கட்சி எனக்குப் புரிந்தது. அவர் வைத்திருப்பது கேனனின் 90டி கேமரா. அதன் பிக்சலும் ஆர்7இன் பிக்சலும் ஒரே அளவு. அவர் கண்ணில் கன்வர்ட்டர் எதையும் சேர்க்காததற்கு அவருடைய சென்சார்தான் காரணம். கன்வர்ட்டரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு 90டி, வ்யூஃபைண்டருக்குப் பிம்பத்தைத் திருப்பிவிட உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர். அந்த வகைக் கேமராக்களில் பல எஃப்/5.6ஐத் தாண்டினால் தானியங்கி ஃபோகஸில் தடுமாறும். எஃப்/8இல் ஒரு சில புள்ளிகளே வேலை செய்யும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் அந்தத் தடை பெரும்பாலும் போய்விட்டது. எஃப்/11இலும் எஃப்/16இலும்கூட ஃபோகஸ் ஓடுகிறது. ஓக்லாவில் கன்வர்ட்டரைக் கழற்றாதவர்களைப் பின்னர் கவனித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது பெரிய பிக்சல் உள்ள முழுச் சட்டகக் கேமராவும் 400 மி.மீ. எஃப்/2.8 அல்லது 600 மி.மீ. எஃப்/4 லென்ஸும். 600ஐ 4ஆல் வகுத்தால் 150 மி.மீ. துளை, என்னுடையதைப் போல இரு மடங்கு. அவ்வளவு நுணுக்கம் உள்ளே வரும்போது கன்வர்ட்டருக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது. நிகான் 2022இல் வெளியிட்ட இசட் வரிசை 400 எஃப்/2.8, 600 எஃப்/4 லென்ஸ்களுக்குள் 1.4 மடங்கு கன்வர்ட்டரை உள்ளேயே பொருத்தி, விரலால் தட்டினால் வந்து விழும்படி செய்திருப்பது சும்மா இல்லை. விலையைக் கேட்டால் ஒரு நடுத்தரக் காரின் நினைவு வரும் என்பது தனிக் கதை.

நடுவில் இருக்கும் காற்று

அதே காலண்டரை அதே இடத்திலிருந்து நண்பகலில் மறுபடி எடுத்தோம். கான்கிரீட் தளம் சூடேறியிருந்தது. வ்யூஃபைண்டரில் எழுத்துகள் நீருக்கடியில் கிடப்பது போல நெளிந்துகொண்டிருந்தன. ஆர்6, ஆர்7, கன்வர்ட்டரோடு, கன்வர்ட்டர் இல்லாமல், எப்படி எடுத்தாலும் காலையில் திறந்த சுழிகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. முப்பது மீட்டருக்கே இந்தக் கதி என்றால் ஓக்லா அணையை ஒட்டிய நீர்ப்பரப்பில் இருநூறு மீட்டருக்கு அப்பால் மிதக்கும் ஊசிவால் வாத்தைப் பற்றி என்ன சொல்வது? கானல் கோடையில் மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குளிர்காலக் காலையில் யமுனையின் நீர் மேலே இருக்கும் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அப்போதும் நீர்மட்டத்தை ஒட்டி அதே நெளிவு உண்டு. அதன்மேல் டெல்லியின் புகைமூட்டம் சேரும்போது நிழலும் வெளிச்சமும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடுகின்றன. கன்வர்ட்டர் அந்தச் சாம்பலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். தூரத்து வாத்துக்கு நல்ல படம் வேண்டுமானால் நாள் பார்த்துப் போக வேண்டும், அல்லது கரையோரம் வரும் தாழைக்கோழியைப் படமெடுத்துத் திருப்தி அடைய வேண்டும்.

தூரத்தைக் கிட்டே கொண்டுவரும் கருவி என்று விற்கப்படும் கன்வர்ட்டர், தூரத்தில்தான் மிகக் குறைவாக உதவுகிறது என்று நான் சொல்லத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். லோதி தோட்டத்தில் பத்து மீட்டர் உயரக் கிளைப் பொந்தில் உட்கார்ந்திருக்கும் புள்ளி ஆந்தைக்கு 1.4 மடங்கு அருமையாகப் பொருந்துகிறது. ஏற்கெனவே ஓரளவு பெரிதாகத் தெரிவதை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க அது நல்ல கருவி. சட்டகத்தில் எறும்பளவு தெரிவதை யானையாக்க அதை நம்பக் கூடாது.

ஒன்றரை மீட்டரில்

கன்வர்ட்டரின் குணங்களில் நான் மிகவும் மதிப்பது விளம்பரங்களில் சின்ன எழுத்தில் வரும் ஒன்று: லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தை அது மாற்றுவதில்லை. என் 300 மி.மீ. லென்ஸ் ஒன்றரை மீட்டர் வரை ஃபோகஸ் ஆகும். அந்தத் தூரத்தில் பொருளின் உண்மை அளவில் 0.24 பங்கு சென்சாரில் விழும். 1.4 மடங்கைப் போட்டால் அது 0.34, 2 மடங்கைப் போட்டால் 0.48. தூரம் அதே ஒன்றரை மீட்டர். கணக்காகச் சொன்னால் உப்புச் சப்பில்லாமல் இருக்கும். டெல்லியின் அசோலா பாட்டி வனவிலங்குச் சரணாலயத்தில் எருக்கஞ்செடி ஒன்றின் முன்னால் நின்று பார்த்தால் அதன் அருமை தெரியும்.

செப்டம்பர் மாதம், மழை நின்ற பிறகு, அங்கே வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிகள் எருக்கைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றின் புழுக்களுக்கு உணவு எருக்கிலைதான் என்பதால் பெண் வண்ணத்துப்பூச்சி முட்டையிட இலை இலையாகத் தேடி வரும். மிக அருகிலிருந்து எடுப்பதற்கான 100 மி.மீ. மேக்ரோ லென்ஸால் உண்மை அளவுக்குப் படமெடுக்க வேண்டுமானால் லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. நம் நிழல் இலையில் விழும்போதே அது பறந்துவிடும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் நம்மைக் கண்டுகொள்வதில்லை. வெறும் 300இல் ஆர்6இன் சட்டகம் 15 செ.மீ. அகலத்தைப் பிடிக்கிறது, மூடிய சிறகோடு நிற்கும் வரியன் அதில் கால் பங்குக்குச் சற்று மேல். 2 மடங்கில் சட்டகம் ஏழரை செ.மீ.; பூச்சி பாதியை நிரப்பிவிடுகிறது. வயிற்றை வளைத்து இலையின் அடியில் அது முட்டையை ஒட்டும் நொடியில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கருந்தலையில் இருக்கும் வெள்ளைப் பொட்டுகள் ஒவ்வொன்றும் தனியே எண்ணக்கூடியவையாக இருக்கின்றன. சிறகின் விளிம்பில் செதில்கள் உதிர்ந்த இடம் தெரிகிறது. 1990களின் லென்ஸ், 2 மடங்கு கன்வர்ட்டர், எஃப்/11. நடுவில் ஒன்றரை மீட்டர் காற்றுதான். கானலும் இல்லை, புகையும் இல்லை. பெரிய பிக்சல், கூர்மையான லென்ஸ், இடையூறு இல்லாத காற்று ஆகிய மூன்றும் கூடிவந்தால் கன்வர்ட்டர் என்ன செய்யும் என்பதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி அந்தப் படம்தான்.

கன்வர்ட்டர் ஃபோகஸ் வேகத்தைக் குறைக்கும் என்ற குற்றச்சாட்டும் இங்கே பல்லிழந்துவிடுகிறது. கேனன் வேண்டுமென்றேதான் அப்படி அமைத்திருக்கிறது. ஈஎஃப் 1.4 மடங்கில் ஃபோகஸ் மோட்டாரின் வேகம் பாதியாகவும் 2 மடங்கில் கால் பங்காகவும் குறையும். பறக்கும் வாத்துக்கு அது பெருந்தொல்லை. இலையில் உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கோ ஃபோகஸை நிறுத்திவைத்துவிட்டு நாமே உடலை முன்னும் பின்னும் நூலளவு அசைத்துத்தான் எடுக்கிறோம். கூர்மையாக விழும் ஆழம் நான்கைந்து மில்லிமீட்டர்தான் என்பதால், சிறகு சென்சாருக்கு இணையாக வரும்படி நாம்தான் நகர்ந்து நிற்க வேண்டும்.

இதற்கு மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே செருகும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூபில் கண்ணாடியே கிடையாது, விலையும் குறைவு. ஆனால் அது தரும் உருப்பெருக்கம் டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தது. 25 மி.மீ. டியூப் 50 மி.மீ. லென்ஸுக்கு அரை மடங்கைக் கூட்டும். என் 300க்கு 0.08தான். நீள லென்ஸுக்கு அது பொருந்தாது. முன்னால் திருகும் குளோசப் லென்ஸ் நீள லென்ஸுக்கு நன்றாகப் பொருந்தும். 2 டயாப்டர் சக்தியுள்ள குளோசப் லென்ஸைப் போட்டு 400 மி.மீ. லென்ஸை முடிவிலியில் வைத்தால் அரை மீட்டர் தூரத்தில் 0.8 பங்கு கிடைக்கும், ஸ்டாப் எதுவும் குறையாது. விலை, ஒளி இரண்டிலும் அது கன்வர்ட்டரை வெல்கிறது. தூரத்தில் மட்டும் தோற்கிறது. நிழல் விழும்போதே பறந்துவிடும் பூச்சிக்கு அரை மீட்டர் என்பது பகல் கனவு. அசையாமல் வெயில் காயும் தட்டானுக்கு அரை மீட்டர் தாராளம்.

அசல் மேக்ரோ லென்ஸின் பின்னால் கன்வர்ட்டர் போடுவது பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. உண்மை அளவு தரும் 100 மி.மீ. லென்ஸ் 2 மடங்கு கன்வர்ட்டரோடு உண்மை அளவைப் போல இரு மடங்கு தரும், அதே வேலைத் தூரத்தில். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மை அளவிலேயே எஃப்/8 என்று வைத்தது நடைமுறையில் எஃப்/16 ஆகிவிட்டிருக்கும். கன்வர்ட்டர் அதை எஃப்/32 ஆக்கும். அங்கே ஒரு புள்ளியின் ஒளி ஏறத்தாழ 43 மைக்ரான் அகலத்துக்குப் பரவிக் கிடக்கும், ஆர்6இன் பிக்சலைப் போல ஆறு மடங்குக்கு மேல். துளையை எஃப்/4க்குத் திறந்து, ஃபோகஸை நகர்த்திப் பல படங்கள் எடுத்து அடுக்குகிறவர்களுக்கு அது பயன்படும். கையில் பிடித்துக்கொண்டு புதருக்குள் நுழைகிறவர்களுக்கு அல்ல.

எதை வாங்குவது

முதலில் மாட்டுமா என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்வதற்கே அலுப்பாக இருக்கிறது, ஆனால் வாங்கிக்கொண்டு வந்த பிறகு கண்டுபிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேனனின் கன்வர்ட்டர்களில் முன் கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். லென்ஸின் பின்புறத்தில் அதற்கு இடம் இருந்தால்தான் மாட்டலாம். ஈஎஃப் 180 மி.மீ. மேக்ரோ அதை ஏற்கும், ஈஎஃப் 100 மி.மீ. மேக்ரோ ஏற்காது, ஆர்எஃப் 100 மி.மீ. மேக்ரோவும் ஏற்காது, ஆனால் அது தானாகவே 1.4 மடங்கு வரை போகும். ஆர்எஃப் 100-500 லென்ஸ் ஏற்றுக்கொள்ளும், அதற்குப் பிறகு 300 மி.மீ.க்குக் கீழே சுருங்காது. பையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டியிருக்கும். சோனியின் 90 மி.மீ. மேக்ரோவுக்கு கன்வர்ட்டர் பொருந்தாது. அவர்களுடைய 70-200 எஃப்/4 மேக்ரோ ஜி இரண்டாம் வடிவத்துக்குப் பொருந்தும், 2 மடங்கோடு அது உண்மை அளவையே எட்டிவிடும். பூச்சி, பறவை இரண்டையும் விரும்பும் சோனிக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியவில்லை.

பழையதை வாங்குவதானால் கூச்சா சௌத்ரியில் கடைக்காரர் எடுத்துக் காட்டும்போது இரண்டு பக்கமும் மாட்டி மெல்லத் திருகிப் பார்க்க வேண்டும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு இணைப்பு இருந்த இடத்தில் இரண்டு வருகின்றன. ஆட்டம் இருந்தால் மின்தொடர்பு விட்டுவிட்டு வரும். மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்திலிருந்து பார்த்தால் உள்ளே பூஞ்சை வலை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மழைக்கால டெல்லியில் அலமாரியில் தூங்கிய கன்வர்ட்டர்களில் அது சாதாரணம்.

மருமகனுக்கு நான் சொன்னது, ஆர்7இல் பறவைக்காக எந்தக் கன்வர்ட்டரும் வேண்டாம் என்பதுதான். எஃப்/8இலேயே ஒரு புள்ளியின் ஒளி அவனுடைய மூன்று பிக்சல்களுக்கு மேல் பரவுகிறது. அந்த லென்ஸ் தருவதையெல்லாம் அவன் சென்சார் ஏற்கெனவே வாங்கிக்கொள்கிறது. அவனுடைய 100-400 கன்வர்ட்டர் இல்லாமலே 0.41 பங்கு தருவதால் வண்ணத்துப்பூச்சிக்கும் குறை இல்லை. 67 மி.மீ. அளவில் ஒரு 2 டயாப்டர் குளோசப் லென்ஸை வாங்கிக்கொண்டு, மிச்சக் காசைப் பெரிய துளை உள்ள லென்ஸுக்குச் சேர்த்து வைக்கச் சொன்னேன். குளோசப் லென்ஸை வாங்கிவிட்டான்; மிச்சக் காசு எங்கே போயிற்று என்று அக்காவிடம்தான் கேட்க வேண்டும். சாரிடம் அந்த ஆறு படங்களையும் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஆர்6க்குச் சரிங்க, ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு ரெண்டு கன்வர்ட்டர் வாங்கின காசுல ஒரு பழைய 90டி வாங்கியிருக்கலாமே" என்றார். விலையைக் கூட்டிப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் வரவில்லை.